பெயர்களின் பொருளைத் தேடிய அர்ச். எரோணிமுஸ்



ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை ஏந்தி வரும்போது குருவானவர் முதலாவது கேட்பது பிள்ளையின் பெயரைத்தான். மிக்கேல் என்கிறீர்கள், சூசை என்கிறீர்கள், அன்னம்மாள் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பெயருக்கு அர்த்தம் என்னவென்று கேட்டால் உங்களில் எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்? பாட்டனார் பெயர் என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். இந்தக் கேள்விக்காக இரவெல்லாம் விளக்கெரித்த ஓர் அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தை இன்று கேளுங்கள்.

அர்ச். எரோணிமுஸ் ஏறக்குறைய 347-ம் ஆண்டில், தல்மாத்தியா நாட்டின் எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தார். அவருடைய பெயர் கிரேக்கப் பெயர். பரிசுத்த நாமம் என்பது அதன் பொருள். உரோமாபுரியில் தொனாத்துஸ் என்னும் பேர்போன இலக்கண ஆசிரியரிடம் படித்தார். அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றார். இலத்தீன் இலக்கியத்தின் இனிமையில் மயங்கிய அவருக்கு வேதாகமத்தின் எளிய நடை அப்போது கசந்தது.

பின்பு கீழ்த்திசை சென்று, சீரியா தேசத்துக் கால்கீஸ் வனாந்தரத்தில் தபசு செய்தார். உபவாசத்தால் உடல் வற்றியும் கெட்ட நினைவுகள் விடவில்லை. மனதை அடக்க ஒரு வழி கண்டார். யூத மதத்திலிருந்து மனந்திரும்பிய ஒரு சந்நியாசியிடம் மாணாக்கனாக அமர்ந்து, எபிரேய அரிச்சுவடியை முதலெழுத்திலிருந்து தொடங்கினார். பெரிய படிப்பாளியின் நாவு சிறு பிள்ளையைப்போல் தடுமாறியது. பலமுறை வெறுத்து நிறுத்தினார். பலமுறை மறுபடி தொடங்கினார். அந்தக் கசப்பான வித்திலிருந்துதான் பின்னாளில் திருச்சபைக்கே இனிய கனி கிடைத்தது.

382-ல் உரோமை திரும்பியபோது, பாப்பரசர் தமாசுஸ் அவரைத் தமக்குச் செயலராக வைத்துக்கொண்டு, இலத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தும் வேலையைக் கொடுத்தார். எரோணிமுஸ் கூரிய நாவுடையவர். குற்றங்களைச் சாடி விரோதிகளைத் தேடிக்கொண்டார். 384-ல் பாப்பரசர் இறக்கவே, அடுத்த ஆண்டு நகரத்தைவிட்டு வெளியேறினார். பவுலா என்னும் செல்வச் சீமாட்டியும் அவள் மகள் எவுஸ்தோக்கியும் பின்தொடர்ந்தனர். 386-ல் பெத்லெகேமில் தங்கி, பவுலாவின் பொருளால் மடங்களும் யாத்திரிகர் விடுதியும் எழுப்பினர். அந்தத் தாயும் மகளும் எபிரேயம் கற்று, சங்கீதங்களை அந்தப் பாஷையிலேயே பாடினார்கள்.

அங்கே ஒரு யூதர், தம் இனத்தாருக்கு அஞ்சி, இரவில் வந்து எரோணிமுஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். யூதனிடம் படிப்பதா என்று சில கிறிஸ்தவர்கள் பழித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 390-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எபிரேயப் பெயர்களின் அர்த்தங்களை ஒரு நூலாக்கினார். பழைய கிரேக்க அட்டவணை ஒன்றைத் திருத்தி, வேதாகமத்தின் ஒவ்வொரு ஆகமத்துக்கும் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினார்.

இந்தப் பெயர்களுக்கு ஒரு திறவுகோல் உண்டு. முடிவில் ஏல் என்று வந்தால் அது பெரும்பாலும் சர்வேசுரனைக் குறிக்கும். கடவுளுக்கு நிகர் யார் என்னும் கேள்வியே மிக்கேல். கடவுள் குணமாக்குகிறார் என்பதே ரபாயேல். யா, யோ என்னும் ஒலிகள் ஆண்டவருடைய திருநாமத்தின் சுருக்கம். சக்கரியாஸ் என்றால் ஆண்டவர் நினைவுகூர்ந்தார். எலிசபெத்து என்றால் என் கடவுளின் ஆணை. அவர்கள் மகன் யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார். ஆணையிட்டவர் நினைவுகூர்ந்தார், அருள்கூர்ந்தார் என்று ஒரு குடும்பத்தின் பெயர்களே பிரசங்கம் செய்கின்றன! நம் முன்னோர் யோவானை அருளப்பர் என்று அழைத்ததும், 1693-ல் ஓரியூரில் இரத்தஞ் சிந்திய ஜான் தெ பிரித்தோ அருளானந்தர் என்று பெயர் கொண்டதும் இந்தப் பொருளை ஒட்டியே. எல்லாவற்றுக்கும் மேலான சேசு என்னும் திருநாமமோ, ஆண்டவர் இரட்சிக்கிறார் என்று பொருள்படும்.

எரோணிமுஸின் மடத்துக்கு அருகில் இராக்கேலின் கல்லறை என்று மக்கள் காட்டிய இடம் இருந்தது. இராக்கேல் தன் முதல் மகனுக்குச் சூசை, அதாவது இன்னும் தருவாராக, என்று பெயரிட்டு இன்னொரு பிள்ளையைக் கேட்டாள். அந்தப் பிள்ளையைப் பெறும்போதே உயிர்விட்டாள். சாகுந்தறுவாயில் பெனோனி, என் துக்கத்தின் மகன், என்று பெயரிட்டாள். யாக்கோபு அதைப் பென்யமீன், வலது கையின் மகன், என்று மாற்றினார். மனைவியை இழந்த மனிதர், பிள்ளையின் தலையில் துக்கத்தைச் சுமத்தச் சம்மதிக்கவில்லை. பெற்றோரே, இதைச் சிந்தியுங்கள்.

எரோணிமுஸ் தவறாதவர் அல்லர். அவர் தந்த அர்த்தங்களில் பலவற்றை இக்கால அறிஞர் ஏற்பதில்லை. கிரேக்க, இலத்தீன் பெயர்களுக்கும் எபிரேயப் பொருள் கூறியது வலிந்த வேலை என்று அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டார். மரியாள் என்பதற்குக் கடலின் துளி என்று அவர் எழுதினார். பிரதி செய்தவர் கையில் இலத்தீன் எழுத்து ஒன்று மாறி, கடலின் நட்சத்திரம் ஆயிற்று என்று பலர் கருதுகிறார்கள். எழுத்து பிசகினாலும் பக்தி பிசகவில்லை. தேவமாதா புயலில் தவிப்போருக்கு வழிகாட்டுகிறவர்களே.

பிறகு ஏறக்குறைய 405 வரை பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனில் பெயர்த்தார். யோனாஸ் தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த சுரைக்கொடியை வேறொரு கொடியாக அவர் மாற்றியதற்கு, ஆப்பிரிக்காவின் ஒயா பட்டணத்துக் கோவிலில் பெருங் கலகமே எழுந்தது, அர்ச். அகுஸ்தீன் இதை அவருக்கு எழுதித் தெரிவித்தார். அது ஆமணக்கு என்பது இன்று பலர் கருத்து! ஒரு சொல்லுக்காக அவ்வளவு பாடுபட்டார். கோபத்தில் பிறரைப் புண்படுத்தவும் செய்தார். 404-ல் பவுலா மரித்தபின் துயரமும் கண்மங்கலும் சேர்ந்தன. ஆயினும் எழுதுவதை நிறுத்தவில்லை. 420, செப்டம்பர் 30-ல் பெத்லெகேமில் மரணமடைந்தார். அப்பத்தின் வீடு என்பது அவ்வூர்ப் பெயரின் அர்த்தம்.

பிரியமானவர்களே, இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து அதன் பெயரின் பொருளைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பூசைக்குப்பின் பங்கு வீட்டுக்கு வந்து கேளுங்கள், அதில் வெட்கமில்லை. எரோணிமுஸ் பெரியவரான பின்பும் அரிச்சுவடி படித்தார். வருகிற ஆண்டுகளில் பிள்ளை தன் பெயருக்கேற்ப நடக்கவேண்டுமானால், அந்தப் பெயர் என்ன சொல்கிறதென்று அதற்கு முதலில் தெரியவேண்டும் அல்லவா?