ஓம் - இது மந்திரம் இல்லீங்க!

ஸ்பீக்கர் வாங்கப் போனால் 4 ஓம்ஸா, 8 ஓம்ஸா என்பார் கடைக்காரர். அது ஒரு மனுஷரோட பெயர் என்பது அவருக்கும் சரி, நமக்கும் சரி, அந்த நேரத்தில் நினைவிருக்காது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியில், எர்லாங்கனில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே படித்த கணக்கை மகனுக்கும் சொல்லிக் கொடுத்தவர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் ஓம் விதவிதமான கம்பிகளில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். பேட்டரி கரண்ட் நிலையாக நிற்கவில்லை. விட்டாரா மனுஷர்? தெர்மோகப்பிளுக்கு மாறினார்! 1827-ல் தன் விதியைப் புத்தகமாகப் போட்டார். நாம லேப்ல அரைமணியில முடிக்கிற விஷயம்தான். ஆனால் சொந்த நாட்டில் மதிப்பில்லை. மனம் நொந்து வேலையை விட்டார். சில வருஷம் நிரந்தரப் பதவியே இல்லை.

1833-ல் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது எது தெரியுமா? நியூரம்பர்க் பாலிடெக்னிக்! (காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது.

1854-ல் மறைந்தார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. பிறகு கடத்துதிறனுக்கும் புதுப்பெயர் தேடாமல், ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப் போட்டு மோ என்று வைத்துவிட்டார்கள்!