பாசியைப் படித்த பேராசான்

மூன்றாம் ஆண்டு, தாவரவியல்

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கண்மாய் பெருகும். பங்குனி பிறப்பதற்குள் வெடித்த கரம்பை மண்ணே மிஞ்சும். பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவுடன் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டியவள் நான். இக்கல்லூரியில் எனக்குத் தாவரவியலில் இடம் கிடைத்தபோது வீட்டில் எழுந்த முதற்கேள்வி, பாசியைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்பதுதான். அன்று நான் விடையின்றி நின்றேன். அவ்விடையை எனக்குத் தேடித் தந்தது ஒரு மாமனிதரின் வாழ்க்கை. அவரே இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார்.

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று 1909இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் அதே கல்லூரியில் தாவரவியல் ஆசிரியரானார். அக்காலத்தில் தாவரவியல் என்றால் பூக்கும் செடிகளையே பெரிதும் நினைப்பர். குளத்துப் பாசி வழுக்கிவிடும் பொருளாகவே பலருக்கும் தோன்றிற்று. ஐயங்காரோ அந்தப் பச்சை நீரில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும் அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

குளத்தோடு அவர் நின்றுவிடவில்லை. நமக்கு அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1927இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் இடம்பெற்றது. 1930இல் இலண்டன் சென்று, புகழ்மிக்க பாசியியல் அறிஞர் பிரிட்ச் என்பாரிடம் ஆய்வு செய்தார். 1932இல் தாம் கண்டறிந்த புதிய பாசி ஒன்றுக்குத் தம் ஆசிரியரின் பெயரால் பிரிட்சியெல்லா எனப் பெயர் சூட்டினார். ஈர மண்ணில் வளரும் அப்பாசி, மண்ணுக்குள் கிழங்கு போன்ற உயிரணுத் திரள்களை வைத்துக்கொண்டு வறட்சியைக் கடக்கிறது. கரம்பை வெடித்த கண்மாயைப் பார்த்து வளர்ந்த எனக்கு இச்செய்தி உள்ளத்தைத் தொட்டது.

1933இல் தென்னிந்தியாவின் வால்வாக்சு குடும்பத்துப் பாசிகளைப் பற்றிய அவரது பெரிய கட்டுரை வெளிவந்தது. 1944இல் தம் மாணவர் ஆர். சுப்பிரமணியனுடன் சேர்ந்து டயாட்டம் ஒன்றின் குன்றல் பிரிவை விளக்கினார். டயாட்டம் என்பது கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஓருயிரணுப் பாசி. ஒவ்வொரு பிரிவிலும் அதன் சந்ததியில் ஒரு பகுதி சிறுத்துக்கொண்டே போகும். பின்னர்ப் பாலினப் பெருக்கத்தின் வழியே பழைய அளவை மீட்கும். அந்த மீட்சியின்போது உட்கருவில் நிகழ்வதைத்தான் இவ்விருவரும் ஆராய்ந்தனர்.

இனி, இவற்றால் என்ன பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைக் கடலில் மிதக்கும் நுண்பாசிகளே செய்கின்றன. ஆனால் கடலின் மேற்பரப்பில் நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு ஆகிய சத்துக்கள் பல இடங்களில் மிகக் குறைவு. அந்தப் பஞ்சத்தில் பாசி எப்படிப் பிழைக்கிறது? ஐயங்கார் காலத்தில் மரபணுவைப் படிக்கும் கருவிகள் இல்லை. இன்று இருக்கின்றன. அவர் ஆராய்ந்த வால்வாக்சின் உறவான கிளாமிடோமோனாசுக்கு நைட்ரஜன் கிடைக்காமற் போனால், அது வெறுமனே பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டுப் பாலணுவாக மாறுகிறது. அதன் இருவகைப் பாலணுக்களில் எது எதுவாக ஆவது என்பதை முடிவு செய்யும் மரபணுவை 1997இல் கண்டறிந்தனர். பஞ்சம் வந்ததும் உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன.

கடற்பாசிகளின் சிக்கனம் இதனினும் வியப்பானது. பாஸ்பரஸ் அருகினால், கரிமப் பொருள்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதிக்கான மரபணுவை அவை இயக்குகின்றன. பல பாசிகள் தம் சவ்வுகளில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்துக்கொள்கின்றன. இரும்பு அருகினால், டயாட்டம்கள் இரும்புள்ள புரதத்தை விடுத்து, அதே வேலையைச் செய்யும் இரும்பில்லாப் புரதத்தை ஆக்குகின்றன. வீட்டில் நெல் தீர்ந்தால் கம்பங்கூழ் காய்ச்சும் நம் பாட்டிமார்களின் கைத்திறன்தான் இது! நான் ஒட்டிய தீப்பெட்டியின் பக்கத்தில் பூசும் மருந்திலும் பாஸ்பரஸ்தான் இருக்கிறது. கையருகே கிடந்த அப்பொருளுக்காகக் கடலில் ஓர் உயிர் இத்தனை பாடுபடுகிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஐயங்கார் ஏற்றிய விளக்கு அவரோடு அணையவில்லை. சுப்பிரமணியன் பின்னர் மேற்குக் கடற்கரையின் மிதவைப் பாசிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1959இல் விரிவான கட்டுரைகள் வெளியிட்டார். மற்றொரு மாணவர் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய நீலப்பசும் பாசி நூலும் 1959இல் வெளிவந்து உலகெங்கும் ஆய்வாளர் கைகளை எட்டியது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஐயங்கார் மறைந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்சியெல்லாவைத் தரைத் தாவரங்களின் முன்னோடி வடிவமாக ஒரு காலத்தில் பலர் கருதினர். தரைத் தாவரங்கள் தோன்றிய கிளை வேறு என்பதை இன்றைய மரபணு ஆய்வு காட்டிவிட்டது. அதனால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை. கண்ணால் கண்டதை அவர் அத்துணைத் துல்லியமாக எழுதி வைத்ததனால்தான் பின்வந்தோர் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

சென்ற கார்த்திகையில் எங்கள் கண்மாயில் நீர் வந்தது. ஒரு பாட்டிலில் மொண்டு வந்து, நம் துறையின் நுண்ணோக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தேன். பச்சைப் பந்து ஒன்று உருண்டு சென்றது. அதைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்று அம்மாவிடம் காட்டினேன். அவர் பசை காய்ந்த விரல்களால் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். அதன்பின் அந்தப் பழைய கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை.

நண்பர்களே, நம்முடையதும் பஞ்சம் பார்த்த மண்தான். இல்லாமை வந்தபோது தன்னுள் உறங்கும் ஆற்றலை எழுப்பிக்கொள்ளப் பாசிக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியாமலா போகும்?