ஃபேஸ் வாஷுக்கு நிறம் எதற்கு? மலேரியா மருந்தைத் தேடி சாயத்தைக் கண்டுபிடித்த பெர்கின்

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிறது அரவேணு. அங்கே ஒரு கடையில் நீல நிற ஃபேஸ் வாஷ் வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பட்டியலின் கடைசியில் ‘சி.ஐ. 42090’ என்று இருக்கலாம். அது செயற்கை நீலச் சாயம். இப்படிப்பட்ட சாயங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி பெர்கின்.

யார் இவர்?

1838-ல் லண்டனில் பிறந்தவர். 15 வயதிலேயே வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். மலேரியாவுக்கு அன்று கைகொடுத்த மருந்து குயினைன். அது தென் அமெரிக்க சின்கோனா மரப்பட்டையில் இருந்துதான் வந்தது. அதை ஆய்வகத்தில் தயாரிக்க முடியுமா என்று யோசித்தார் அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன்.

1856 ஈஸ்டர் விடுமுறையில், 18 வயது பெர்கின் வீட்டிலேயே அதை முயன்றார். குயினைன் வரல, கறுப்பு வண்டல்தான் மிச்சம். அதை ஆல்கஹாலில் கரைத்ததும் ஊதா நிறம் வந்தது. பட்டுத் துணியில் அப்படியே பிடித்துக்கொண்டது. அதுதான் ‘மாவ்’. உடனே காப்புரிமை வாங்கினார். 1857-ல் ஆலை தொடங்கினார்.

குயினைன் தேவை மட்டும் தீரவில்லை. 1860-களில் பிரிட்டிஷ் அரசு நீலகிரியில் சின்கோனா மரங்களை நட்டது. நடுவட்டத்தில் குயினைன் ஆலையும் வந்தது.

சருமத்துக்கு என்ன ஆச்சு?

பெர்கினைப் பார்த்து மற்றவர்களும் சாயத் தொழிலில் இறங்கினார்கள். மெஜந்தா சாயம் தயாரிக்க ஆர்சனிக் அமிலம் பயன்பட்டது. சாயமேற்றிய காலுறை அணிந்த சிலருக்குத் தோல் புண்ணானதாக 1860-களில் புகார்கள் எழுந்தன. துணிக்கு நல்ல சாயம் தோலுக்கும் நல்லதா என்று யாரும் முன்கூட்டியே சோதிக்கவில்லை.

பெர்கின் 1868-ல் கூமரின் என்ற வாசனைப் பொருளையும் செயற்கையாகத் தயாரித்தார். 36 வயதில் ஆலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்கே திரும்பினார். 1906-ல் சர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

இப்போ பாதுகாப்பானதா?

இந்தியாவில் பி.ஐ.எஸ். பட்டியலில் உள்ள சாயங்களைத்தான் அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கலாம். அந்தச் சாயத்தில் ஆர்சனிக் 10 லட்சத்தில் 2 பங்கையும், ஈயம் 20 பங்கையும் தாண்டக் கூடாது.

ஆனால் ஒரு விஷயம். ஃபேஸ் வாஷ், லோஷனில் உள்ள சாயம் சருமத்துக்கு எதுவும் செய்வதில்லை. பொருள் பார்க்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான். அனுமதி பெற்ற சாயமும் சிலருக்கு அலர்ஜி தரலாம்.

என்ன செய்யலாம்?

சி.ஐ. எண்ணைப் பாருங்கள். 77-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் என்றால் இரும்பு ஆக்சைடு போன்ற கனிம நிறமி; 75 என்றால் பொதுவாக இயற்கை நிறம். புதுப் பொருளை முதலில் முன்கையில் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் அலர்ஜி ஆகும் சருமமா? நிறமே சேர்க்காததை வாங்கினால் எந்த நஷ்டமும் இல்லை.