அண்ணாவின் குரலும் தொண்டையில் மறைந்திருந்த நோயும்

எருக்கலம்பிட்டியில் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் அண்ணாவைப் பற்றிக் கேட்டால், முதலில் அந்தக் கரகரத்த குரலைத்தான் சொல்வார்கள். அடுத்து, அவர் தொண்டைப் புற்றுநோயில் போனவர் என்பார்கள். பாதிதான் சரி. அவருக்கு நோய் வந்தது குரல்வளையில் அல்ல, அதன் பின்னால் இறங்கும் உணவுக்குழாயில்.

காஞ்சிபுரத்தில் 1909 செப்டெம்பர் 15இல் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தவர் சி. என். அண்ணாதுரை. பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் படித்தார். பெரியாரோடு நின்றார், பிறகு பிரிந்து 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். நாடகம், சினிமா, பத்திரிகை என்று பலதும் செய்தாலும் அவரை உயர்த்தியது மேடைதான். 1967 மார்ச்சில் முதலமைச்சரானார். அடுத்த ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டின் பின்னால், ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் உழைப்பும் இருந்தது.

மூக்குப்பொடியும் வாயில் புகையிலையும் அவருடைய நீண்ட காலப் பழக்கம். நோய்க்கு அதுவே காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. 1968 செப்டெம்பரில் நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது.

குரல்வளையும் உணவுக்குழாயும் அயல்வீடுகள். ஆனால் நோய் தன்னைக் காட்டும் விதம் வேறு. குரல்நாணில் பயறளவு கட்டி வந்தாலே குரல் அடைக்கும். அந்த நாண்களில் நிணநீர் நாளங்கள் மிகக் குறைவு, அதனால் ஆரம்பத்தில் நோய் வெளியே போக வழி கிடைப்பது அரிது. நாணுக்கு மேலுள்ள பகுதி அப்படியல்ல. அங்கே நாளங்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. உயிரணுக்கள் அவற்றில் இறங்கி, தாடைக்கோணத்துக்குக் கீழிருந்து கழுத்தெலும்பு வரை பெரிய இரத்தநாளத்தை ஒட்டி வரிசையாக இருக்கும் நிணநீர்க் கணுக்களில் தங்கும், சிலவேளை கழுத்தின் இரு பக்கமும். உணவுக்குழாய் இன்னும் மோசம். அது விரிந்து கொடுப்பதால் விழுங்கச் சிரமம் தெரிவதற்குள் நெஞ்சுக் கணுக்களுக்கும், மேலே கழுத்துக்கும், கீழே வயிற்றுக்கும் நோய் போயிருக்கலாம். அண்ணாவின் குரல் கடைசிவரை மக்களுக்குப் பழகிய குரல்தான். குரல் நன்றாயிருக்கிறதே என்று யாரும் ஆறுதல்பட இடமில்லாத நோய் அது.

கழுத்தில் வரும் கட்டியை நம் ஆட்கள் நெறி கட்டியிருக்கு என்று விட்டுவிடுவார்கள். தடிமன், பல்வலியோடு வந்து நோகும் நெறி பெரும்பாலும் தானாக வற்றும். நோகாமல், கல்லுப்போல, அசையாமல் நிற்பதுதான் பயப்பட வேண்டியது. அது நோயின் தொடக்கம் அல்ல, நோய் ஏற்கெனவே ஒரு படி தாண்டிவிட்ட அடையாளம். கணுவுக்குப் போய்விட்டால் குணமாகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது வைத்தியர்களின் பொதுக் கணக்கு. மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால் கட்டி வரும்வரை காத்திராமல் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போகச் சொல்வது அதனால்தான்.

1990இல் விரட்டப்பட்டு, பாதிப்பேர் புத்தளத்திலும் பாதிப்பேர் ஊரிலுமாக வாழும் எருக்கலம்பிட்டிச் சனத்துக்கு இது லேசான காரியமில்லை. தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஒருவரும் வேண்டும். வெற்றிலைத் தட்டத்தில் புகையிலை மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அண்ணா நவம்பரில் சென்னை திரும்பினார். 1969 ஜனவரி 14இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. உடல் தளர்ந்த நிலையிலும் அன்று கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். நோய் மீண்டும் தலைதூக்க, அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் மில்லரும் வந்து பார்த்தார். பெப்ரவரி 3, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 59. தான் பெயர் வைத்த தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்தது 20 நாட்கள்.