கம்பிக்கு மேலாடை தந்த ஆஸ்கார் ஷெல்பெர்க்

நம் சங்க இதழில் பெரியோர் வரலாறு எழுதப் புகும் நண்பர்கள் பெரும்பாலும் கணித மேதைகளையும் வானநூல் வல்லுநர்களையுமே நாடிச் செல்கின்றனர். நானோ பட்டறையிலும் உலைக்கூடத்திலும் பொழுதைக் கழிக்கும் உலோகவியல் மாணவன். ஆதலின், கையில் கரியும் கண்ணில் புகையுமாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவே என் மனம் விழைகிறது. அவர் சுவீடன் நாட்டு எஞ்சினீயர் ஆஸ்கார் ஷெல்பெர்க். வெல்டிங் தொழிலை முறையாகப் பயின்றவர்களுள் அவரை அறியாதார் அரியர். ஆயினும் அத்தொழிலுக்கு வெளியே, அவர் தந்த பயனை நாள்தோறும் நுகர்வோரும்கூட அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

நம்முள் பலர் படிப்பு முடிந்ததும் எண்ணெய்க்குழாய், எரிவாயுக்குழாய் பதிக்கும் பணிகளுக்குச் செல்லவிருக்கிறோம். இரு குழாய்கள் சேரும் இடத்தில் முதல் பற்றை எந்த ராடு கொண்டு போடுவது என்ற கேள்வி அங்கே நம்மை எதிர்கொள்ளும். சிறு கேள்விபோல் தோன்றும் இதற்கு விடை காண, ஷெல்பெர்க்கின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

அவர் பிறந்தது 1870ஆம் ஆண்டு. வாலிபப் பருவத்தில் நீராவிக் கப்பல்களில் எஞ்சினீயராகப் பணிபுரிந்தார். அந்நாளையக் கொதிகலன்கள் இரும்புத் தகடுகளை ஆணியறைந்து இணைத்தவை. உள்ளே ஆவி அழுத்த, வெளியே கடல் அலைக்க, ஆணி வரிசைகள் தளர்ந்து ஆவி கசியும். ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் கசியும். கப்பலின் உயிரே கொதிகலன்தான். அது பழுதுற்றால் சரக்கும் மாலுமிகளும் துறைமுகத்தில் முடங்கவேண்டியதே. இத்தொல்லையை அருகிருந்து கண்ட ஷெல்பெர்க், வெடிப்புகளை மின்சாரத்தால் உருக்கி மூட இயலாதா என எண்ணலானார்.

மின்வில்லைக் கொண்டு உலோகத்தை ஒட்டும் கலையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ருஷ்ய நாட்டுப் பெனார்டோஸ் 1881ஆம் ஆண்டிலேயே கரிக்கோலால் மின்வில் எழுப்பி இரும்பை இணைத்துக் காட்டினார். அதே நாட்டு ஸ்லாவ்யானோவ் 1888இல் கரிக்குப் பதிலாக இரும்புக் கோலையே மின்முனையாக்கினார். கோலே உருகி மூட்டை நிரப்பியது. முறை பிறந்துவிட்டது, ஆனால் அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. வெறுங்கம்பி உருகும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் அக்குழம்பில் புகும். ஆறியபின் பார்த்தால் பற்று முழுதும் துளைகள். சுத்தியால் தட்டினால் பிஸ்கோத்துப் போல் உடையும். இத்தகைய ஒட்டை நம்பிக் கொதிகலனில் ஆவி ஏற்ற யார் துணிவார்?

1904ஆம் ஆண்டு ஷெல்பெர்க் கோதன்பர்க் துறைமுக நகரில் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். மின்சாரப் பற்றவைப்புக் கம்பெனி என்று பொருள்படும் சுவீடிஷ் பெயரின் முதலெழுத்துக்களே ஈசாப் என்றாயின. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவருக்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பு பின்னர்தான் வந்தது. கடையைத் திறந்து, கப்பல்களைப் பழுதுபார்த்து, வெறுங்கம்பியின் குறைகளை நாள்தோறும் கண்முன் கண்டபிறகே அவருடைய எண்ணம் முதிர்ந்தது. 1907இல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

அவ்வெண்ணம் கேட்பதற்கு மிக எளியது. கார்பனேட்டுகளும் சிலிக்கேட்டுகளும் கலந்த கெட்டியான குழம்பில் இரும்புக் கம்பியை முக்கி உலர்த்தினார்; அவ்வளவே. ஆனால் அப்பூச்சு செய்த வேலை பெரிது. மின்வில்லை அலையாமல் நிற்கச் செய்தது. உருகிக் கசடாகி, கொதிக்கும் உலோகத்தின்மேல் போர்வைபோற் படர்ந்து காற்றைத் தடுத்தது. கொதிகலனைப் புரட்டிப்போட்டு வேலை செய்ய இயலாதன்றோ? செங்குத்தாகவும், தலைக்கு மேலேயும் பற்றவைக்கப் பூச்சிட்ட ராடுகள் வழி திறந்தன. பின்வந்தோர் பூச்சில் சேர்த்த பொருள்கள் பற்றுக்கு வேண்டிய கலப்பு உலோகங்களையும் தந்தன.

பூச்சின் அருமையை அறிய விரும்பும் நண்பர்களுக்கு, எங்கள் பட்டறையில் செய்த ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒரு ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு, அதே மின்னோட்டத்தில் அதே தகட்டில் இழுத்துப் பாருங்கள். நாங்கள் இழுத்தபோது கம்பி தகட்டில் ஒட்டிக்கொண்டது. விடுவித்தால் வில் அணைந்தது. பொறி நாலாபுறமும் தெறித்தது. கிடைத்த பற்றோ கரையான் அரித்த மரம் போலிருந்தது. பூச்சுள்ள மற்றொரு ராடு அருகிலேயே ஒழுங்கான வரிசையைப் போட்டது. பிறகு தட்டி எறியப்போகும் கசடுதான் இரண்டுக்கும் இடையிலான வேற்றுமை.

ஷெல்பெர்க்கின் பிற்கால வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். 1920இல் அவருடைய கம்பெனி, ஆணியின்றி முழுதும் பற்றவைத்த ஈசாப் 4 என்ற சிறு கப்பலைக் கட்டியது. 1922இல் ஜெர்மனியின் பின்ஸ்டர்வால்டே நகரில் எலெக்ட்ரோடு தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1931ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் மறைவதற்கு முன்பே பூச்சு பல வகையாகப் பிரிந்து வளரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ. ஓ. ஸ்மித் கம்பெனியார், சோடியம் சிலிக்கேட்டில் நனைத்த காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பயன்படுத்தினர். காகிதம் என்பது செல்லுலோஸ். அது எரிந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் எழுப்ப, அவ்வாயுவே காற்றை விலக்கிற்று. இன்று குழாய்ப் பணியில் வழங்கும் 6010 ராடு அவ்வழி வந்தது. அவ்வெண்ணில் 60 என்பது சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு இழுவலிமை. அடுத்த 1 எந்நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதற்கு அடையாளம். கடைசி இலக்கம் பூச்சின் வகையைக் காட்டுவது.

குழாயின் முதல் பற்றை ரூட் பாஸ் என்பர். குழாயைத் திருப்ப இயலாது. உள்ளே கை நுழையாது. வெளியிலிருந்தே இரு விளிம்புகளையும் உருக்கி, உட்பக்கம் வரை ஊடுருவச் செய்யவேண்டும். செல்லுலோஸ் ராடின் வில் விசையுடன் பாய்ந்து, சாவித்துளை போன்ற சிறு துளையைத் திறந்து அதை மூடிக்கொண்டே செல்லும். அதன் கசடு மெல்லியது, விரைவில் உறைவது. எனவே மேலிருந்து கீழாக வேகமாக இழுக்கலாம். முதல் பற்று முடிந்தால்தான் கூட்டம் அடுத்த மூட்டுக்கு நகரும். பணியின் வேகம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. அஸ்ஸாமின் நாகர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரோனி வரை 1960களில் போட்ட எண்ணெய்க்குழாயின் நீளம் 1,157 கிலோமீட்டர். குழாயொன்று 12 மீட்டர் எனக் கொண்டால் ஏறத்தாழ 96,000 மூட்டுகள்! ஒவ்வொன்றிலும் கால்மணி மிச்சமானாலும் ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு இலாபம்!

ஆனால் அந்த ஹைட்ரஜனுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதில் ஒரு பகுதி உருகிய எஃகினுள் கரைந்து தங்கும். மென்மையான எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். எக்ஸ்-70, எக்ஸ்-80 போன்ற வலிமிக்க எஃகோ, விரைந்து ஆறினால் கடினப்பட்டு விரிசல் விடும். அவ்விரிசல் உடனே தோன்றாமல் சில மணிநேரம், ஏன், இரண்டொரு நாள் கழித்துக்கூட வரலாம். வெல்டர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அவசரப்பட்டு எடுத்த எக்ஸ்-ரே படத்தில் குற்றம் தெரிந்திராது. மேலே போட்ட பற்றுகள் அதை மூடியிருக்கும். குழாய் மட்டும் ஊர் ஓரமாக, வயலுக்கு அடியில், அழுத்தம் தாங்கிக் கிடக்கும்.

ஆகவே, எது நல்ல ராடு என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. மென்மையான எஃகில், நீண்ட வழித்தடத்தில், 6010 தகும். அப்போதும் வேண்டிய அளவு முன்சூடு தந்து, முதல் பற்று ஆறுமுன் சில நிமிடங்களுக்குள் இரண்டாம் பற்றைப் போட்டுவிடவேண்டும். எஃகு வலிமிக்கதாயின், ஹைட்ரஜன் குறைந்த 7016 போன்ற ராடைக் கீழிருந்து மேலாக நிதானமாக இழுப்பது பாதுகாப்பு. மூட்டின் இடைவெளி சீராக வேண்டும். கைத்திறனும் மிகுதியாக வேண்டும். ரூட்டை 6010 ராடிலும், மேற்பற்றுகளை 7018 ராடிலும் போடும் வழக்கமும் பரவலாக உண்டு.

ராடுகளை வைத்துக் காப்பதிலும் இதே வேற்றுமைதான். 7018 ராடைச் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள அடுப்பில் வைத்து ஈரத்திலிருந்து காக்கவேண்டும். 6010 ராடின் பூச்சுக்கோ சிறிது ஈரம் இருந்தே ஆகவேண்டும். அதை அதே அடுப்பில் வைத்துச் சுட்டால் வில்லின் விசை கெட்டுப்போம். ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு!

ஷெல்பெர்க் கொதிகலனருகே நின்று கேட்ட கேள்வி, இந்த மூட்டுக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பது. கொதிகலன் உற்பத்திக்குப் பெயர்பெற்ற நம் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தில் 1975இல் தோன்றிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அக்கேள்வியின் தொடர்ச்சியே எனலாம். நண்பர்களே, நாளை குழாய்ப் பணியில் ஒருபுறம் வேகம் வேகம் என்று ஒப்பந்தக்காரர் நெருக்குவார். மறுபுறம் எஃகு வாய்பேசாது கிடக்கும். பேசாத எஃகின் பக்கம் நின்று, தக்க ராடு வரும்வரை வேலையை நிறுத்திவைக்கும் துணிவு நம்மிடம் இருக்கவேண்டும். அந்த வரப்பில் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் நம் பெயரை அறியப்போவதில்லை. ஷெல்பெர்க்கின் பெயரையும் அறியப்போவதில்லை. அவர்கள் அச்சமின்றி நடந்தால் அதுவே போதும்.