சங்ககிரிக் கோட்டை கண்ட வீரன்

சேலத்தில் இருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில் சங்ககிரி இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு பெரிய மலை. மலைமேல் பழைய கோட்டை.

அந்தக் கோட்டையில்தான் 1805-ம் ஆண்டு தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டார்கள். அன்று ஆடி மாதம் 18-ந் தேதி. காவிரியில் புது வெள்ளம் பார்க்க ஜனங்கள் ஆற்றங்கரைக்குப் போகும் நாள்.

வழிமறித்த வாலிபர்

சின்னமலையின் சொந்தப் பெயர் தீர்த்தகிரி. 1756-ம் ஆண்டு காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தார். தகப்பனார் ரத்தினசாமிக் கவுண்டர். தாயார் பெரியாத்தாள். இளமையிலேயே சிலம்பமும் வாள் வீச்சும் குதிரைச் சவாரியும் கற்றுக்கொண்டார்.

அப்போது கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. வரிப்பணம் சங்ககிரிக்குப் போகும். ஒரு நாள் அந்தப் பணத்தைத் தீர்த்தகிரி வழிமறித்துப் பறித்தார். அதை ஏழைகளுக்குக் கொடுத்தார். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்லும்படி வந்தவர்களை அனுப்பினார். அன்று முதல் அதுவே அவர் பெயராயிற்று. கொங்கு நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை இது.

பகை போய் உறவு

1792-ல் திப்பு சுல்தான் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகள் கம்பெனி கைக்குப் போயின. காவிரிக்குக் கிழக்கே வெள்ளைக்காரன் கொடி, மேற்கே திப்புவின் கொடி.

ஆற்றுக்கு அக்கரையில் வந்து நிற்கும் ஆபத்தைச் சின்னமலை உணர்ந்தார். பழைய பகையை மறந்தார். தம் படையோடு திப்புவுக்குத் துணை போனார்.

1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார். அதே ஆண்டில் கட்டபொம்மனையும் தூக்கில் போட்டார்கள். சின்னமலை ஊர் திரும்பினார். அரச்சலூர் அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு அங்கே பீரங்கி செய்ததாகச் சொல்வார்கள்.

மருந்து கெட்டிக்கும் நேரம்

அந்தக் காலத்துத் துப்பாக்கி இன்றைய துப்பாக்கி போன்றது அல்ல. இன்று மருந்து, குண்டு எல்லாம் ஒரே தோட்டாவுக்குள் இருக்கின்றன. தானாக இயங்கும் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்ததும் காலிக்கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா தானே வந்து அமரும்.

அன்று அப்படி இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட வேண்டும். நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகுதான் சுட முடியும். ஒரு முறை சுட்டால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பாளையக்காரர்களின் வீரர்கள் பலரிடம் இருந்தவை திரித் துப்பாக்கிகள். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். மழையில் திரி நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான்.

கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் திரி இல்லை. சக்கிமுக்கிக் கல் தீப்பொறி தரும். ஒரு தடவைக்கு வேண்டிய மருந்தும் குண்டும் காகிதச் சுருளில் தயாராக இருக்கும். குண்டு ஏறக்குறைய முக்கால் அங்குலம். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒரு வரிசை சுடும்போது இன்னொரு வரிசை மருந்து கெட்டிக்கும். சுடுவது நிற்காது.

ஆனாலும் குழலுக்குள் புரி கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயம் இல்லை. மறைந்து நின்று, எதிரி மருந்து கெட்டிக்கும் நேரம் பார்த்துப் பாய்ந்தால் வேலும் வாளும் வெல்லும். கையில் இருந்த ஆயுதம் குறைவு. நிலமும் துணிவும்தான் அதை ஈடு செய்ய வேண்டும்.

மூன்று போர்கள்

1800 ஜூனில் கோவைக் கோட்டையைப் பிடிக்கப் போராளிகள் செய்த முயற்சி தோற்றது. பலர் தூக்குமரம் ஏறினார்கள். 1801-ல் சிவகங்கை மருது சகோதரர்களும் மாண்டார்கள்.

சின்னமலை தளரவில்லை. 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்து வென்றார் என்று கொங்கு நாடு பெருமையோடு சொல்கிறது.

பிறகு கம்பெனியார் பீரங்கிகளுடன் பெரும் படையை அனுப்பினார்கள். சின்னமலை கோட்டையை விட்டு வெளியேறி, பழனியை அடுத்த கருமலையில் மறைந்து வாழ்ந்தார்.

கடைசி நாள்

துப்பாக்கியால் பிடிக்க முடியாதவரைத் துரோகம் பிடித்துக் கொடுத்தது. சோறு சமைத்துப் போட்டவனே காட்டிக் கொடுத்தான் என்பது கொங்கு நாட்டார் இன்றும் மனம் நொந்து சொல்லும் செய்தி. சூழ்ந்துகொண்ட பிறகு ஆயுதம் எடுக்க நேரம் ஏது?

சின்னமலையையும் உடன்பிறந்தாரையும் சங்ககிரிக்குக் கொண்டு போனார்கள். கம்பெனிக்கு அடங்கி வரி கட்டினால் உயிர் மிஞ்சும் என்று ஆசை காட்டினார்களாம். அவர் இணங்கவில்லை. 1805 ஜூலை 31-ந் தேதி தூக்குக் கயிறு அவர் உயிரைக் குடித்தது. அப்போது வயது 49.

எந்தச் சங்ககிரிக்குப் போகும் பணத்தை வாலிபத்தில் மறித்தாரோ, அதே சங்ககிரியில் அவர் வாழ்வு முடிந்தது.

ஓடாநிலையில் இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கு அன்று ஜனங்கள் அங்கே கூடி மாலை போடுகிறார்கள். அவரைத் தூக்கில் போட்ட கம்பெனி மறைந்து வெகு காலம் ஆகிவிட்டது. அவர் பெயரைக் கொங்கு நாடு இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.