ஹோகார்த்தும் அழகின் கோடும்

அழகு என்பது பொருளின்கண் உள்ளதோ, காண்பான் கருத்தில் உள்ளதோ என்னும் வினாவைக் குறித்து அறிஞர் பலர் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். ஏட்டளவில் வாதிட்டோர்க்கு அதனால் நேர்ந்த நட்டம் யாதுமில்லை. ஆனால், அவ்வினாவிற்கு விடை கண்டேன் எனத் துணிந்து, தம் நற்பெயரையும் மன அமைதியையும் அதன்பொருட்டுப் பணயம் வைத்த ஓவியர் ஒருவர் ஆங்கில நாட்டில் இருந்தார். அவரே வில்லியம் ஹோகார்த் என்பவர்.

இவர் 1697-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் இலத்தீன் மொழி கற்பித்த உபாத்தியாயர். இலத்தீனிலேயே உரையாடுவோர்க்கென ஒரு காப்பிக்கடை நடத்தி, அதனால் கடனில் மூழ்கிச் சில ஆண்டுகள் கடன்பட்டோர் சிறையில் உழன்றவர். மைந்தரோ வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் செதுக்கும் தொழிலைப் பயின்று, பின்னர் ஓவியரானார். அரசாங்க ஓவியராய் விளங்கிய சர் ஜேம்ஸ் தார்ன்ஹில் என்பாரின் புதல்வி ஜேனை, தந்தையின் சம்மதமின்றியே 1729-இல் மணந்தார்.

நகர வாழ்க்கையின் இழிவுகளைக் கதைபோல் தொடர்ந்து காட்டும் அவருடைய அச்சுப்படங்கள் வீடுதோறும் பரவின. பிறர் அவற்றைத் திருடி அச்சிடவே, அதனைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1735-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறுவதற்கு இவரே முன்னின்று உழைத்தார். எனினும், செல்வரும் கலைவல்லோரும் இவரை நகைப்புச் சித்திரக்காரராகவே மதித்தனர். இத்தாலியப் பழம் ஓவியம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், புகைபடிந்து கறுத்த எப்படத்திற்கும் அவர்கள் பொன்னைக் கொட்டினர். ஹோகார்த்திற்கு இது பொறுக்கவில்லை. அழகைக் காண்பதற்கு ஆசிரியன் பெயர் எதற்கு? கண் ஒன்று போதாதோ?

1745-இல் தம் நாயோடு தம்மையும் வரைந்த படத்தில், வண்ணப்பலகையின்மீது வளைந்த கோடு ஒன்றைத் தீட்டி, அதனை அழகின் கோடு எனக் குறித்தார். அதன் பொருள் யாதெனப் பலரும் வினவினர். விடையாக 1753-இல் அழகின் ஆராய்ச்சி என்னும் நூலை வெளியிட்டார். நேர்கோட்டினும் வளைந்து நெளியும் கோடே கண்ணைத் தன்னோடு ஈர்த்துச் சென்று இன்புறுத்தும் என்பது அவர் கொள்கை. ஏழு வளைகோடுகளை வரிசையாக வரைந்து, முதல் மூன்றும் வளைவு குன்றியன, கடை மூன்றும் வளைவு மிக்கன, நடுநின்ற நான்காவதே அழகியது என்று நிறுவினார். நாற்காலியின் காலிலும், மகளிர் கச்சிலும் இவ்விதியையே பொருத்திக் காட்டினார். கலைவல்லோர் உதவியின்றி எவரும் தம் கண்ணாலேயே அழகை அளந்தறியலாம் என்பதே இதன் உட்கருத்து. எனக்கு இக்கோட்டினும் இத்துணிவே பெரிதாகத் தோன்றுகிறது. ஓவியர் சிலர் அந்நூலைக் கேலிப்படங்களால் எள்ளினர். நான்காண்டு கழிந்து, டேவிட் ஹ்யூம் என்னும் தத்துவ அறிஞர், பயிற்சி மிக்க நடுவர்களின் ஒத்த தீர்ப்பே சுவைக்கு அளவுகோல் என எழுதினார். ஹோகார்த் வெறுத்ததோ அத்தகைய நடுவர்களையே.

சோதனைக் காலம் விரைவில் வந்தது. 1758-இல் கொரெஜ்ஜியோ என்னும் இத்தாலியர் தீட்டியதாகக் கருதப்பட்ட சிகிஸ்மண்டாவின் படம் 400 பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. உண்மையில் அது அவர் தீட்டியதன்று. அப்படத்தை வெல்வேன் என்று கருதி, சர் ரிச்சர்டு கிராஸ்வெனர் என்னும் செல்வர்க்காக, காதலன் இதயம் அடங்கிய கிண்ணத்தின் முன் கண்ணீர் சிந்தும் அந்நங்கையை ஹோகார்த்தும் தீட்டினார். 400 பவுன் விலை கூறினார். படத்தைக் கண்ட செல்வர் அருவருத்து, நயமாக மறுத்துவிட்டார். 1761-இல் பொதுக்காட்சியில் வைத்தபோதும் இகழ்ச்சியே மிகுந்தமையால், சின்னாளில் அதனை எடுத்துச் சென்றார். கண்டோர் சொன்ன குற்றங்களைக் கேட்டுக் கேட்டுப் பலமுறை திருத்தியும் தீட்டினார். எவர் கண்ணும் அழகை அறியும் என்றவர், அக்கண்கள் தமக்கெதிராகத் தீர்ப்பளித்தபோது அதனை ஏற்கவும் இயலாமல், புறக்கணிக்கவும் இயலாமல் தவித்தார்.

1764-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் காலமானார். அப்படத்தை 500 பவுனுக்குக் குறைத்து விற்கலாகாது என மனைவியார்க்குக் கூறியிருந்தார். அவ்வம்மையார் தாம் இறந்த 1789-ஆம் ஆண்டுவரை அவ்வாக்கைக் காத்தார். அதன்பின் அது 56 கினிக்கு விலைபோயிற்று. 1879-இல் ஒருவர் மரணசாசனத்தின்வழி நாட்டுடைமையாகி, இன்றும் இலண்டனில் இருக்கிறது.